கிராணியார் வீட்டு டன்ஹில் லைட்டர்: அசலா, தங்கமா, எவ்வளவு போகும்?

கேள்வி: என் அப்பா மலாயாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தார். 1964-ல் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது தன்னுடைய சிகரெட் லைட்டரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்பாவுக்குப் புகைக்கும் பழக்கமே கிடையாது. அது பல வருடமாகத் திருச்சி வீட்டு பீரோவில்தான் கிடந்தது. பொன் நிறம், உடம்பெல்லாம் சின்னச் சின்ன மணிகளாகச் செதுக்கிய வேலைப்பாடு, ஒரு பக்கம் துரையின் பெயரெழுத்துகள் மூன்று. அடியில் டன்ஹில் என்றும், யு.எஸ். ஆர்.இ. 24163, பேட்டன்டட், ஸ்விஸ் மேட் என்றும் இருக்கிறது. இங்கே பழைய சாமான் வாங்கும் ஒருவர், "லண்டன் கம்பெனி, ஸ்விஸ் மேட், அமெரிக்க நம்பர், மூன்றும் ஒன்றாக எப்படி வரும்? இது டூப்ளிகேட்" என்று சொல்லி, போனால் போகிறதென்று நாலாயிரம் தருகிறேன் என்றார். நகைக்கடையில் காரட் மீட்டரில் வைத்தால் 17 காரட்டுக்கு மேல் காட்டியது. அதைக் கேட்டதிலிருந்து என் தம்பி, "ஐந்து லட்சம் போகும், எனக்கு இரண்டரை லட்சம் கொடு" என்கிறான். பொறி கிளப்பும் உருளையும் சுற்றவில்லை, நெருப்பும் வரவில்லை. இது அசலா? தங்கமா? என்ன விலை சொல்லலாம்?
(வாசகி, திருச்சி)

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் தெரிந்த அளவுக்கு லைட்டர் அசல். தங்கம் இல்லை, தங்க முலாம். ஐந்து லட்சம் என்பது கனவு. அதற்காக நாலாயிரத்துக்கும் இப்போது கொடுத்துவிடாதீர்கள்.

அந்த வியாபாரி சொன்னதிலிருந்து ஆரம்பிப்போம். டூப்ளிகேட் என்று உறுதியாகத் தெரிந்த பொருளுக்கு ஒருவர் எதற்கு நாலாயிரம் தருகிறார்? எங்கள் தொழிலில் இது பழைய உத்தி. சாமான் வைத்திருப்பவரின் நம்பிக்கையை முதலில் உடைத்துவிட்டால், அப்புறம் பேரம் சுலபம். அவர் குறையாகச் சொன்ன மூன்று நாடுகள்தான் உங்கள் லைட்டருக்கு நல்ல சாட்சி.

டன்ஹில் லண்டன் கம்பெனிதான். ஆல்ஃபிரட் டன்ஹில் 1893-ல் தன் அப்பாவின் குதிரைச் சேணத் தொழிலை ஏற்றுக்கொண்டவர். 1907-ல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை வைத்தார். லைட்டர் வந்தது 1920-களில். ஒரே கையால் பற்றவைக்கும் 'யூனிக்' என்ற பெட்ரோல் லைட்டர் அது. அதன் முதல் மாதிரியை ஒரு கடுகுப்பொடி டப்பாவுக்குள் பொருத்திப் பார்த்தார்கள் என்பார்கள். உங்களிடம் இருப்பது அதற்குப் பிந்தியது, கேஸில் எரியும் 'ரோலகேஸ்'. இது 1956-ல் வந்தது. விற்றது லண்டன் கம்பெனி, செய்தது ஸ்விட்சர்லாந்தில். அதனால் ஸ்விஸ் மேட் என்று இல்லாமல் இருந்தால்தான் நான் யோசிப்பேன்.

அமெரிக்க நம்பருக்கு வருவோம். ஒருமுறை வழங்கிய காப்புரிமையைத் திருத்தி மறுபடியும் வழங்கினால், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் எண்ணுக்கு முன்னால் ஆர்.இ. என்று சேர்க்கும். 24163 அப்படி மறுபடி வழங்கிய ஒன்று. இது உங்கள் லைட்டருக்கு மட்டும் உரிய வரிசை எண் இல்லை. ரோலகேஸ் லைட்டர்கள் ஏராளமானவற்றின் அடியில் இதே எண்தான் இருக்கும். பலர் இதை சீரியல் நம்பர் என்று நினைத்து இணையத்தில் தேடுகிறார்கள். இதே எண்ணில் நூறு லைட்டர் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்ததும் தன்னுடையது போலி என்று பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எண் இருப்பதாலேயே அசல் என்றும் ஆகிவிடாது. போலி செய்கிறவனுக்கும் அந்த எண் தெரியும்.

ஆகவே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எப்படி அடித்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்போம். உங்கள் இரண்டாவது படத்தில் அடிப்பக்கம் நன்றாகத் தெரிகிறது. எழுத்துகள் உலோகத்துக்குள் இறங்கி நிற்கின்றன. ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் கூர்மை. வரிகள் விளிம்புக்கு இணையாக ஓடுகின்றன. ஆர் என்ற எழுத்தின் உள்ளே உள்ள சின்ன இடைவெளிகூட அடைபடவில்லை. மலிவான போலிகளில் எழுத்து மேலோட்டமாக, சுரண்டியது மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும். இல்லையென்றால் அச்சில் வார்த்ததால் ஓரம் மழுங்கி இருக்கும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் நீங்களே பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்தது மூடி. அதை மூடி வைத்துவிட்டு, மூடியும் உடம்பும் சேரும் கோட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அசலில் அந்த இடைவெளி நாலு பக்கமும் ஒரே அளவாக இருக்கும், ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்காது. கீலை ஆட்டிப் பார்த்தால் பக்கவாட்டு ஆட்டம் அதிகம் இருக்கக்கூடாது. மணி வேலைப்பாட்டையும் கவனியுங்கள். இயந்திரத்தில் வெட்டிய கோடு மூலைவரை ஒரே ஆழத்தில் போய், விளிம்புச் சட்டத்தில் சுத்தமாக முடியும். போலிக்காரன் நடுவில் நன்றாகச் செய்துவிடுவான், மூலையில்தான் கோட்டை விடுவான். உங்கள் முதல் படத்தில் மூலை சுத்தமாக இருக்கிறது.

கதையும் காலமும் பொருந்துகிறதா என்பதும் முக்கியம். 1956-க்குப் பிறகு விற்பனைக்கு வந்த பொருள் 1964-ல் ஒரு தோட்டத் துரையின் சட்டைப்பையில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இதையே அப்பாவுக்கு 1950-ல் கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள் என்றால், ஒன்று லைட்டரைச் சந்தேகப்படுவேன், இல்லை உங்கள் ஞாபகத்தை.

சரி, தங்கம்.

காரட் மீட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்ட கேள்விதான் தப்பு. அந்த மெஷின் எக்ஸ்-ரே கதிரை மேலே பாய்ச்சி, திரும்பி வருவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கதிர் தங்கத்துக்குள் போகும் ஆழம் ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. நம் ஊர் வளையலிலோ சங்கிலியிலோ மேலே உள்ளதுதான் உள்ளேயும் என்பதால் அந்தக் கணக்கு சரியாக வரும். கனமாக முலாம் பூசிய பொருளில், மெஷின் முலாமை மட்டும் பார்த்துவிட்டு "பதினேழு காரட்டுக்கு மேல்" என்று சொல்லும். அடியில் இருக்கும் பித்தளை அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் அரைகுறையாகத்தான் தெரியும். அந்தக் காலத்து நல்ல லைட்டர்களின் முலாம் இன்றைய கவரிங் மாதிரி மெலிசாக இருக்காது. பிரெஞ்சுக்கார எஸ்.டி. துப்போன் கம்பெனியின் சில லைட்டர்களில் முலாமின் கனத்தையே 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று குறித்திருப்பார்கள்.

அப்படியானால் தங்கமா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? முத்திரையை வைத்துத்தான். நம் ஊரில் 916 முத்திரை பார்க்கிற மாதிரி, ஐரோப்பாவிலும் தங்கப் பொருளுக்கு முத்திரைச் சட்டம் கடுமையானது, நம்மைவிடப் பழையது. அந்தக் காலத்து ஸ்விஸ் 18 காரட் பொருளில் ஹெல்வேஷியா என்ற பெண் தலை இருக்கும். 1995-ல்தான் அதற்குப் பதில் நாய்த் தலை வந்தது. பிரிட்டனில் விற்ற தங்கத்தில் 9 காரட்டுக்கு 375, 18 காரட்டுக்கு 18 அல்லது 750 என்ற எண் இருக்கும். பிரான்ஸ் என்றால் 18 காரட்டுக்குக் கழுகுத் தலை. இதெல்லாம் கடுகளவுதான் இருக்கும். அடிப்பக்கம் முழுவதையும் மூடியின் உள்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பொறுமையாகத் தேடுங்கள். படங்களில் எனக்கு ஒன்றும் தென்படவில்லை. தங்கத்தில் செய்து தங்க விலைக்கு விற்ற கம்பெனி, அதை முத்திரை போடாமல் மறைத்து வைக்காது.

இன்னொரு தடயமும் உங்கள் படத்திலேயே இருக்கிறது. உருளைக்குக் கீழே, கட்டைவிரல் படும் மூலையைப் பாருங்கள். கால் அங்குலத்துக்கும் குறைவான இடம், நிறம் மாறி வெளிறிய மஞ்சளாக, கொஞ்சம் மங்கிப்போய்த் தெரிகிறது. துரை தினமும் தேய்த்த இடம் அது. முழுத் தங்கமாக இருந்தால் தேய்ந்தாலும் அடியில் அதே நிறம்தான் வரும். இங்கே முலாம் போய்ப் பித்தளை எட்டிப் பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் அந்த மூலையை மட்டும் காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எண் சரிந்துவிடும். உரைகல்லில் மட்டும் தேய்க்க விடாதீர்கள். ஒரு தேய்ப்பில் போகிற மதிப்பு திரும்ப வராது.

உங்கள் தம்பிக்கு ஒரு வார்த்தை. முழுத் தங்க ரோலகேஸ் உண்டு, கிராக்கியும் உண்டு. அதிலும்கூட தங்கம் என்பது வெளிச் சட்டைதான். உள்ளே கேஸ் அறை, ஸ்பிரிங், வால்வு எல்லாம் வேறு உலோகம். மொத்த எடையைத் தராசில் போட்டு இன்றைய தங்க விலையால் பெருக்கினால் கிடைப்பது விலை இல்லை, ஆசை.

விலைக்கு வருகிறேன். தங்க முலாம் பூசிய ரோலகேஸ் அபூர்வமான பொருள் இல்லை, நிறையச் செய்தார்கள். வேலை செய்யும் நிலையில், முலாம் அதிகம் தேயாமல் இருந்தால் பிரிட்டனில் பெரும்பாலும் ஐம்பதிலிருந்து நூற்றைம்பது பவுண்டுக்குள் கைமாறுகிறது. வேலை செய்யாமல் இருந்தால் அதில் பாதிகூட சிரமம். பெட்டி, வாங்கிய ரசீது, உத்தரவாதக் காகிதம் எல்லாம் கூட இருந்தால் மேலே போகும். இணையத்தில் ஐந்நூறு பவுண்டு, ஆயிரம் பவுண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஏல வலைத்தளங்களில் 'விற்றவை' என்று தனியாகத் தேட வசதி இருக்கிறது. அங்கே உங்கள் மாதிரியையே, அதே வேலைப்பாட்டையே தேடி நாலைந்து பாருங்கள். டன்ஹில்லில் நிஜமாகவே ஆயிரக்கணக்கில் பவுண்டு போவது வேறு ஜாதி. 1950-களில் பென் ஷில்லிங்ஃபோர்ட் கைவேலையாகச் செய்த 'அக்வேரியம்' மேசை லைட்டர்கள் அவை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையின் பின்பக்கம் மீனும் பாசியும் குடைந்து வர்ணம் தீட்டியிருப்பார். அதை யாராவது உங்களுக்குக் கொடுத்திருந்தால் தம்பி கேட்பதில் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

பெயரெழுத்துகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வாங்குகிறவர் கேட்பார். முன்பின் தெரியாத ஒருவரின் எழுத்து பொறித்த லைட்டருக்குப் பொதுவாக விலை குறையும், ஏனென்றால் வாங்குகிறவர் தன் பெயரைப் பொறிக்க நினைப்பார். அதை மழித்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முலாமும் சேர்ந்து போகும், பக்கமும் குழிந்துவிடும். துரை அப்பாவுக்கு எழுதிய கடிதமோ, இருவரும் சேர்ந்து நிற்கும் படமோ வீட்டில் இருந்தால் லைட்டரோடு சேர்த்து வையுங்கள். எழுத்துக்கு ஆதாரம் கிடைத்தால் குறை என்பது கொஞ்சம் குறையும். விலை எகிறும் என்று சொல்லவில்லை.

வெறும் வாய்க்கதைக்கு எங்கள் தொழிலில் மதிப்பு மிகவும் கம்மி. காரணம் இருக்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் ஜிப்போ லைட்டரில் படையின் பெயரும் வாசகமும் பொறித்துக்கொண்டார்கள். போர் முடிந்த பிறகு அதே வாசகங்களைப் பொறித்து, மண்ணில் புரட்டிப் பழசாக்கி, சைகோன் தெருக்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள். ஜிப்போவில் 1950-களின் நடுவிலிருந்து அடிப்பக்கக் குறியீட்டை வைத்து வருடம் சொல்லிவிடலாம் என்பதால், வாசகம் ஒரு வருடமும் அடிப்பக்கம் வேறு வருடமும் காட்டி மாட்டிக்கொண்டவை நிறைய. நம் நாட்டில் வேறு மாதிரி. துப்போன் கம்பெனி தன் முதல் லைட்டர் 1941-ல் பிறந்ததற்குப் பாட்டியாலா மகாராஜா கேட்ட தங்கக் கைப்பெட்டிகள்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும். அதைப் படித்துவிட்டு, பொன் நிற லைட்டர் எது கையில் கிடைத்தாலும் "சமஸ்தானத்துப் பொருள் சார்" என்று ஆரம்பிக்கிறவர்கள் எனக்கு அத்துப்படி.

இனி, அது ஏன் எரியவில்லை? உருளை சுற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக உள்ளே இருக்கும் தீக்கல்தான். பல வருடம் அசையாமல் கிடந்தால் அந்தக் கல் காற்றின் ஈரத்தை வாங்கி ஊதி, பொடிந்து, குழாய்க்குள் இறுகிவிடும். மேலே உருளையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இந்த நிலையில் கட்டைவிரலால் அழுத்தி உருட்டவே கூடாது, உருளையின் சொரசொரப்பு போய்விடும். அடியில் உள்ள திருகையும் வீட்டு ஸ்க்ரூடிரைவரால் திருப்பாதீர்கள். படத்தில் திருகின் காடி (தலையில் உள்ள பிளவு) சிதையாமல் இருக்கிறது. இதுவரை யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது அடையாளம், வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். பழைய கடிகாரம் பழுது பார்க்கும் கை பழகிய ஆள், காடிக்குச் சரியாகப் பொருந்தும் முனை வைத்துத் திறந்து, குழாயில் இறுகிய பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுக்க வேண்டும்.

அது சரியானாலும் கேஸ் நிற்காமல் போகலாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் இத்தனை வருடத்தில் காய்ந்து வெடித்திருக்கும். கசிகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி: கேஸ் நிரப்பியதும் நகைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். அடுப்பு, விளக்கு, பூஜை அறை எதுவும் அருகில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு மறுநாள் மறுபடி போடுங்கள். எடை குறைந்திருந்தால் கசிகிறது. வளையம் மாற்றும் வரை கேஸ் போட வேண்டாம். முழு சர்வீஸுக்கு ஆகும் செலவு சில சமயம் லைட்டரின் விலையையே தொட்டுவிடும். அதனால் விற்பதற்காக மட்டும் என்றால் சர்வீஸ் செய்யாமல், உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதே லாபம். வைத்துக்கொள்வதாக இருந்தால் செலவு செய்யுங்கள்.

பளபளக்க வேண்டும் என்று புளி, விபூதி, பாத்திரப் பொடி, பித்தளை பாலிஷ் எதையும் போடாதீர்கள். மூலையில் போன முலாம் மற்ற இடத்திலும் போய்விடும். உலர்ந்த பனியன் துணியால் துடைத்தால் போதும். மணி வேலைப்பாட்டின் பள்ளத்தில் அழுக்கு இருந்தால் மிருதுவான பிரஷ், தண்ணீர் இல்லாமல். மறுபடி முலாம் போடுவதும் வேண்டாம். புது முலாம் பூசிய பழைய லைட்டரை விவரம் தெரிந்தவர் ஒதுக்கிவிடுவார், அந்த முலாம் கூர்மையான எழுத்தின் ஓரங்களையும் நிரப்பிவிடும்.

விற்பதென்று முடிவு செய்தால், ஒரே ஆளிடம் போகாமல் பழைய பேனா, கைக்கடிகாரம் சேகரிக்கிறவர்களிடம் காட்டுங்கள். பழைய லைட்டரைத் தேடுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். வேலை செய்யவில்லை, மூலையில் முலாம் போயிருக்கிறது, எழுத்து பொறித்திருக்கிறது என்று மூன்றையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பேரத்தில் அவர் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. ஐயாயிரத்துக்குக் கீழே யாராவது கேட்டால் அவசரப்பட வேண்டாம், பத்தாயிரம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் உள்ளே துளி கேஸ் இருக்கக்கூடாது. கூரியரிலும் தபாலிலும் கேஸ் நிரப்பிய லைட்டரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். நம் விமான நிலையங்களில் லைட்டரைக் கைப்பையிலும் விடுவதில்லை, பெட்டியிலும் விடுவதில்லை. பாதுகாப்புச் சோதனையில் வாங்கி டப்பாவில் போட்டுவிடுவார்கள், அங்கே அது டன்ஹில்லா பத்து ரூபாய் லைட்டரா என்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

மூடியின் உள்பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். அங்கே முத்திரை ஏதாவது தெரிந்தால் நான் மேலே சொன்ன விலையை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதுவரை தம்பியிடம் கணக்கு எதுவும் முடிக்காதீர்கள்.